நேப்பிள்ஸ் பாடகரும் அருள்புரத்து கட்டிங் மாஸ்டரும்

செத்துப்போன ஒரு மனிதரின் பின்னால் மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியில், நல்ல குரலுள்ள ஏழைப் பையன்களுக்குக் குரல் உடையும் முன்பே விதை நீக்கிவிடுவார்கள். வளர்ந்த ஆணின் நெஞ்சு, சிறுவனின் குரல். என் பாடகரும் எட்டு வயதில் அப்படி வெட்டுப்பட்டவர்தான். நேப்பிள்ஸில் படித்து, லண்டன் வரை ஓபரா மேடைகளை ஆண்டார். கல்யாணம் செய்துகொள்ளத் திருச்சபை அனுமதிக்கவில்லை. பெரிய வீட்டில் தனியாகச் செத்தார். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு ஏது? அவர் குரலை நான் கேட்கவே முடியாது.

அதனால்தான் போன ஐப்பசியில் திருப்பூர் போனேன். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் குமரவேல், வயது இருபத்தாறு. சுரப்பிக் குறைபாட்டால் அவருக்குக் குரல் உடையவே இல்லை. முருகன் கோயிலில் அவர் பாடியதைத் தோழி ஒருத்தி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

சென்னையில் காலை ஆறேகாலுக்கு ரயில். ஒரு மணிக்குத் திருப்பூர். அங்கிருந்து பல்லடம் சாலையில் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றிருபது ரூபாய்.

“ஏனுங்க்கா, பனியன் எடுக்கறதுன்னா காதர்பேட்டைக்கில்லீங்க போகோணும்?” என்றார் ஓட்டுநர். பாட்டுக் கேட்க வந்தேன் என்றேன். “திருப்பூருக்குங்களா!” என்று கண்ணாடியில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் குமரவேல் மட்டும் இருந்தார். துணி ரோல்களைப் பிரித்து மேசைமேல் தளர்வாகப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னல் துணி ரோலில் இழுபட்டே கிடக்குமாம். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும், அவசரப்பட்டால் பனியன் சுருங்கிவிடும் என்றார்.

“அடுத்த வாரம் ஹார்மோன் ஊசி போட ஆரம்பிக்கறாங்க்கா. போடலைன்னா எலும்பு தேஞ்சுரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போட்டா இந்தக் குரல் போயிருமுங்க.”

“ஒரு ஆறு மாசம் தள்ளிப்போடுங்களேன். சென்னையில கச்சேரி வைக்கிறேன்.” வாய் கூசாமல் கேட்டேன். அதோடு விட்டேனா? என் இத்தாலியர் கதையையும் எடுத்துவிட்டேன்: அரசர்கள் கொடுத்த வைரம், மயங்கி விழுந்த சீமாட்டிகள்.

கடைசி ரோலைப் பிரித்தபடியே கேட்டார். “அந்தப் பையன ஒரு வார்த்த கேட்டாங்களாங்க?”

“இல்லை. எட்டு வயசுதானே.”

“துணிக்கே நாங்க ஒரு நாள் குடுக்கறமுங்க்கா.”

மூன்று வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. கச்சேரிப் பேச்சை அப்போதே விட்டுவிட்டேன். அவரே ஒரு காவடிச் சிந்து பாடுகிறேன் என்றார். பதிவு செய்யட்டுமா என்றதற்கு, “வேண்டாமுங்க. பின்னால கேட்டா எனக்கே ஏக்கமாயிரும்” என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு பாடினார். மேல் ஸ்தாயியில் குரல் அசையாமல் நின்றபோது அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாட்டை ரயில் நிலையத்துப் பக்கமே முடித்துவிடுங்கள், நூற்றிருபது ரூபாய். கம்பெனி பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு வேண்டாம். அந்தக் குரலைத் தேடி மட்டும் யாரும் அருள்புரம் போகாதீர்கள். போன வாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கரகரத்த ஆண் குரல். யாருங்க என்றேன்.

“குமரவேலுங்க்கா. பாட்டு இப்ப வரலீங்க. அழுதனுங்க, பொய் சொல்லல. ஆனா இத்தன வருசமா போன் பண்ணுனா ‘சொல்லுங்க மேடம்’பாங்க. இன்னைக்கு நூல் கடைக்காரரு ‘சொல்லுங்க சார்’னாருங்க்கா.”