பழுப்பு ஏறாத ஸ்லைடு

சிதம்பரத்தில் ஒரு தனியார் லேபில், திசுப் பிரிவில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எப்போதும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். மெஷின் அது பாட்டுக்கு ஓடும். நான் சொல்லப்போவது ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, லூர்துமேரி என்ற பெண்ணின் ஸ்லைடுகளை எங்கள் லேப் டாக்டரின் மேஜையில் வைத்தேன். நாற்பத்தெட்டு வயது. கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் மார்பகத்தை எடுத்திருந்தார்கள். புற்றுநோய் என்பது முன்பே தெரியும். நாங்கள் பார்க்க வேண்டியது ஈஆர், பிஆர் என்கிற இரண்டு ஹார்மோன் ஏற்பிகள். கட்டியின் செல்களில் இவை இருந்தால், சாயம் போட்டதும் உட்கரு பழுப்பாகும். பழுப்பேறினால் நல்ல சேதி. அப்படிப்பட்ட நோய் பெரும்பாலும் நிதானமாகப் போகும். தினம் ஒரு மாத்திரையை வருடக்கணக்கில் கொடுத்து அது திரும்பி வராமல் தடுக்கப் பார்க்கலாம். ஏறாவிட்டால் அந்த மாத்திரை கிடையாது.

லூர்துமேரியின் ஸ்லைடில் பொட்டுப் பழுப்பு இல்லை. இரண்டும் நெகடிவ் என்று நானே ரிப்போர்ட் அடித்து, கையெழுத்துக்காகப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். "கட்டிய விடுங்க. பக்கத்துல நல்ல டக்ட் இருக்கே, அதப் பாத்தீங்களா?"

பார்த்தேன். நோயில்லாத பால்குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவாவது பழுப்பு ஏறியிருக்க வேண்டும். அதுவும் வெளிறிக் கிடந்தது. சாயத்தைச் சோதிக்கக் கூடவே ஓட்டிய கண்ட்ரோல் ஸ்லைடு அருமையாக ஏறியிருந்தது. ஆக, சாயத்தில் கோளாறு இல்லை, திசுதான் கெட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில், அறுத்தெடுத்ததை வீட்டு ஆட்களிடம் காட்டிவிட்டு, லேபில் கொடுக்கச் சொல்லி அவர்கள் கையிலேயே டப்பாவைத் தந்துவிடுவது வழக்கம். அந்தம்மாவின் கணவர் அந்தோணிசாமிதான் அதைக் கொண்டுவந்தவர். போன் போட்டு வரவழைத்தேன்.

"டப்பாவ என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம். குடுத்தத அப்படியே கொண்டாந்தேன்."

"உங்க சம்சாரத்துக்கு மாத்திரை உண்டா இல்லையான்னு இத வச்சுத்தான் சொல்லணும். உள்ளதச் சொல்லுங்க."

மனிதர் உடைந்துபோனார். "மூடி சரியில்ல மேடம். பஸ்ஸுல ஒழுகிடுச்சு. வாடை கண்ணக் கரிக்குது. குடிகாடு ஸ்டாப்புல ஏறுன ஆளுங்க கெமிக்கல் லீக்குன்னு கத்திட்டாங்க. ஃபாக்டரிங்க பக்கத்துலயே இருக்கறவங்க, அந்தப் பயம் ஜாஸ்தி. கண்டக்டர் எறக்கி வுட்டுட்டாரு. அடுத்த பஸ்ஸுலயும் ஏத்தலன்னா எப்படி வந்து சேர்றது? பாதியக் கீழ கொட்டிட்டு, பாட்டில் தண்ணிய ஊத்தி ரொப்பிட்டேன். காஞ்சிடக் கூடாதுன்னுதான் மேடம்."

திசு அழுகாமல் காக்கிற ஃபார்மலினில் தண்ணீர்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அறிவிருக்கா உங்களுக்கு? சம்சாரம் உசுரோட வெளயாடியிருக்கீங்களே!" என்று வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடியே போய்விட்டார்.

அவர் போனதும் டாக்டர் வரவுப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். 'டப்பா வெளியே ஈரம், லேபிள் கரைந்துள்ளது, ஃபார்மலின் விளிம்புவரை உள்ளது.' கீழே என் கையெழுத்து.

"ஒழுகுன டப்பா எப்படிங்க விளிம்புவரைக்கும் இருக்கும்?" என்றார்.

டப்பா வந்த அன்று சனிக்கிழமை மதியம். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். திறந்து பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, மருந்து உள்ளே இறங்கத் திசுவைக் கீறி, புது ஃபார்மலினில் போட்டிருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். திங்கள்வரை அலமாரியில் அப்படியே விட்டுவிட்டேன். திங்களன்று உள்ளே கொழகொழவென்று இருந்தபோதும், கொழுப்பு ஜாஸ்தி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஆகவே பிள்ளைகளே, டப்பாவைத் திறக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல டக்ட்டைப் பார்க்காமல் நெகடிவ் என்று எழுதாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு ஊசியால் எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து வைத்த பிளாக் கடலூரில் வேறொரு லேபில் இருந்தது. அதை வாங்கிவந்து சாயம் போட்டேன். நல்ல டக்ட் ஏறியிருந்தது. கட்டி முழுக்க அடர் பழுப்பு. இரண்டும் பாசிடிவ்.

ரிப்போர்ட் வாங்க லூர்துமேரியே வந்தார். கணவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாத்திரை உண்டும்மா" என்றேன்.

அந்தம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவரு ஒரு வாரமா சரியா சாப்புடல மேடம். உன்ன நானே கொல்லப் பாத்தேனேன்னு பொலம்பல். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தும் மனசு ஆறல." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனக்காதீங்க. அவரு வெவரம் தெரியாத ஆளு. வாங்குறப்ப நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. என் தப்புதான்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வாசலைப் பார்த்து, "இங்க வாங்க" என்றார். அந்தோணிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கை கட்டி நின்றார்.

"எங்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லுங்க மேடம். அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே திட்டுனீங்க?"

ரிப்போர்ட்டுக்காக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டப்பாவைத் திறந்து பார்க்காதது நான், இரண்டு நாள் போட்டுவைத்தது நான், உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது என்று.

அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்குது மேடம். அவளுக்கு மாத்திரை உண்டா? அத மொதல்ல சொல்லுங்க."