வெள்ளையம்மா தொடாத தாம்பாளம்

வெள்ளையம்மா என்ற பெயரை நான் முதலில் கேட்டது பெரியப்பா வீட்டில், கதவைப் படாரென்று சாத்தும்போது. "வெள்ளையம்மா வர்றா! கிட்ணம்மாவ உள்ள இழு!" பேயோ என்று பயந்தேன். இடுக்கில் பார்த்தால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா. மலாயாவில், பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி.

கதவு சாத்திய காரணத்தைப் பிறகு பெரியப்பா மகள் பேச்சியக்கா சொன்னாள்.

பெரியப்பா ஐயாசாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பேச்சியம்மாளை வீரமுத்துவுக்குக் கொடுத்து, வருஷங்கள் போயும் வயிறு திறக்கவில்லை. அப்படியானால் இளையவளையும் அதே வீட்டுக்குக் கொடுப்பது எங்களில் வழக்கம். கிட்ணம்மா என்று நாங்கள் கூப்பிடும் கிருஷ்ணம்மாவுக்குப் பரிசம் வைத்தார்கள். பிள்ளை எடுத்த கை பரிசத் தாம்பாளத்தைத் தூக்கிக் கொடுத்தால் பிள்ளை தங்கும் என்று வெள்ளையம்மாவை அழைத்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தானே.

வந்தவள் பெரியப்பாவை ஓரமாக அழைத்தாள்.

"அண்ணே, மாப்பிள்ளைக்கு வெட்டைச் சீக்கு. எரிச்சல் நின்னதும் மருந்துக்கு வராம நின்னுட்டாரு. பேச்சிக்கும் ஒட்டி, அவ வயித்த அதுதான் கெடுத்துச்சு. சின்னவளாச்சும் தப்பிக்கட்டும். சுத்தமாச்சுன்னு மருந்து கொடுக்குற டிரசர் சொன்னப்புறம் தாலி கட்டலாம்."

வீரமுத்து காதில் விழுந்துவிட்டது.

"எனக்கா சீக்கு? மலட்டு மாட்ட விட்டுட்டுக் காளையக் குத்தம் சொல்றியே ஆயா!"

நாலு பேர் சிரித்தார்கள். பேச்சியக்கா வெற்றிலைத் தட்டோடு அங்கேயேதான் நின்றாளாம்.

"மஞ்சள் அரைச்சாச்சு. பேசாம தாம்பாளத்த எடு" என்றார் பெரியப்பா.

வெள்ளையம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இந்தக் கையால முடியாதுண்ணே."

வேறொருத்தி எடுத்துக் கொடுத்தாள். பிறகு தாலியும் ஏறியது.

கொஞ்ச நாளில் கிருஷ்ணம்மாவுக்கு அடிவயிற்றில் குத்தல், காய்ச்சல். நிமிர்ந்து நின்று பால்மரம் வெட்ட முடியாமல் அப்பா வீட்டில் வந்து படுத்தாள். எல்லோரும் சொன்னது ஒன்றே: "ஆயா கை விட்ட சாபம்." சீக்கை யாரும் நினைக்கவில்லை. நான் இடுக்கில் பார்த்த அன்றைக்கு வெள்ளையம்மா சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசினாள்.

"கிட்ணம்மா, காய்ச்சல் விட்டாலும் உள்ள புண்ணு ஆறாது. புருஷனையும் கூட்டிட்டு வாடி. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாதான் தீரும். இன்னும் நேரமிருக்கு."

"உங்க கை செஞ்சது போதும், போங்க ஆயா!"

 வெள்ளையம்மா அதே சீக்கு இருந்த அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. புருஷன்மார் ஒளிந்து போய் வந்தார்கள், பெண்டாட்டிகளை ஒருவரும் அனுப்பவில்லை. தூளி கட்டாத வீடுகள் எங்கள் லயத்தில் ஒவ்வொன்றாகக் கூடின. கிருஷ்ணம்மா கடைசிவரை பெறவில்லை.

வெள்ளையம்மா ஜப்பான் காலத்துக் காய்ச்சலில் போனாள். இப்போது தோட்டத்து இடுகாட்டில், கால்வாய் ஓரத்தில் இருக்கிறாள்.