தறிக்கூடத்துத் தொட்டியில் பெய்த மழை

கண்ணாடித் தொட்டிகள் அடுக்கிக் கெளுத்தி வளர்க்கும் என் மீன் அறையில் எழுகிற பாசி வாசம், இன்று குடோனாகிவிட்ட எங்கள் சூலூர்த் தறிக்கூடத்துச் சிமெண்டுத் தொட்டிக்கே என்னைக் கொண்டுபோய் விடுகிறது. கொசுப்புழு தின்னட்டும் என்று அம்மா அதில் இரண்டு கெளுத்திகளை விட்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சுப்போடலாமுங்க" என்றாள் சித்தி.

அவற்றைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழி தோன்றியது. அடைகாக்கும் கோழியை எங்கள் வீட்டில் அறுப்பதில்லை. முட்டையிட்டால் கெளுத்தியும் தப்பும். மழைக்குத்தான் அது முட்டையிடும் என்பதைக் குளத்தில் பார்த்திருந்ததால், தறிகள் தடதடக்க, கிணற்றுத் தண்ணீரைச் சல்லடை வழியே மழைபோல மூன்று நாள் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் அன்று கண்ட வித்தையைத்தான் இன்று படித்தவர்கள் வந்து கேட்டுப் போகிறார்கள்.

ஞாயிறு காலை தொட்டிச் சுவரெல்லாம் முட்டை. கத்தியோடு வந்த சித்தி குனிந்து பார்த்தாள்.

"பெத்தவள எப்பிடியுங்க்கா அறுக்கறது? பருப்பே கடையலாம், போங்க."