“என்ன போட்டிருக்கேன், சொல்லுங்க பாப்போம்”

வாணலியில் வேர்க்கடலை படபடக்கத் தொடங்கியதும் அக்கா அடுப்பை அணைத்துவிடுவார். சூட்டோடு துணியில் கொட்டித் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, வறுத்த எள்ளும் கொட்டை நீக்கிய பேரீச்சையும் சேர்த்து மிக்ஸியில் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று விட்டால் எண்ணெய் கக்கிவிடுமாம். பிறகு உருட்டி, கோகோ தூளில் புரட்டினால் முடிந்தது வேலை.

எங்கள் தையல் கூடத்தில் பட்டன் தைக்கிறவர். எல்லாருக்கும் ‘புரோட்டீன் அக்கா’. மூன்று வருடத்துக்கு முன் தையல் மேசையிலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்தார். புரதம் போதவில்லை என்றார் டாக்டர். கடைக்குப் போய் புரோட்டீன் பவுடர் டப்பாவின் விலையைப் பார்த்தவர், “டப்பா மேல நிக்கிற ஆளோட புஜத்துக்கும் சேத்து நம்மகிட்டதான் வாங்குறாங்க போல” என்று அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அன்று ஆரம்பித்த உருண்டை இது. ஒரு நாள் பூசணி விதை, ஒரு நாள் சோயா, பெரும்பாலும் வேர்க்கடலை.

தினமும் கூடத்தில் எங்களுக்கும் ஆளுக்கொன்று தருவார்; உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார். “என்ன போட்டிருக்கேன், சொல்லுங்க பாப்போம்.” சரியாகச் சொன்னால் இன்னொன்று கிடைக்கும். துணி வெட்டுகிற நான் ஒருமுறைகூட இரண்டாவது வாங்கியதில்லை.

போன மாதம் இஸ்திரி போட ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். வாசலை அடைத்து நிற்கும் உடம்பு. அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

“மூக்கு அடைச்சிருக்குக்கா. வாசனையே தெரியல.”

“வாய்தானே திங்குது தம்பி? போடுங்க.”

முழுசாக வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “பேரீச்சை…”

“அப்புறம்?” அக்கா ஆவலாகக் கேட்டார்.

அவர் மெல்லுவது நின்றது. உதடு தடித்தது. கழுத்தைப் பிறாண்டினார். “இதுல கடலையா?” என்பதற்குள் மூச்சு விசிலடித்தது. மலை போன்ற மனிதர், தேய்த்து வைத்த சட்டைக் குவியல்மேல் சரிந்தார். கையில் கத்தரிக்கோலோடு நான் மரம்போல் நின்றேன். அக்காதான் அலறினார்: “வண்டிய எடுங்க! மூச்சு நிக்குது!”

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த டாக்டர், “வேர்க்கடலை அவர் உடம்புக்கு ஆகவே ஆகாது. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா…” என்று பாதியில் நிறுத்தினார்.

அக்கா பெஞ்சில் உட்காரவில்லை. குழாயடியில் முழங்கைவரை கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில வச்சிருப்பாரா? வெளையாடிட்டேனே, ஒரு உசுரோட!” நான் சொன்ன சமாதானம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் இஸ்திரிக்காரர் வேலைக்குத் திரும்பினார். அக்காவின் டப்பாவைக் காணாமல், அவரே வந்து கேட்டார். “சின்ன வயசுலயே ஒரு தடவை இப்படி ஆயிருக்குக்கா. நானும் கேட்டிருக்கணும். டாக்டர் சோதிச்சுப் பாத்து, கொண்டைக்கடலை தாராளமா சாப்பிடுன்னுட்டார். பண்ணித் தாங்க.”

“ஆளை விடுங்க தம்பி.”

அவர் விடவில்லை. தினமும் கேட்டார். நேற்று அக்கா வந்தபோது கையில் புது டப்பா. வாணலி, மிக்ஸி ஜார்கூடப் புதிதாம்.

“வறுத்த கொண்டைக்கடலை, பேரீச்சை, உப்பு. வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை வாயில் போட்டார். அக்கா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தத் தொண்டையில் அது இறங்கி முடியும்வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.