உப்பைத் தாண்டாத அத்தை

எங்கள் அத்தை ஒரு ரத்தக்காட்டேரி என்று நான் முடிவுகட்டியபோது எனக்கு எட்டு வயது. சும்மா முடிவுகட்டவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப எனக்கு வராது. இன்றைக்கும் கேஸை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குக் கண் சொருகுகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வருவேன். படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

போன வாரம் என் மகள் போனில் ஏதோ பேய்க்கதை படித்துவிட்டு, அதற்குக் கீழே ஜனங்கள் போட்டிருந்த சண்டையை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒருத்தர் ஆகா ஓகோ என்கிறார். இன்னொருத்தர் இதை எழுதினவன் கையை ஒடிக்கணும் என்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சண்டையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், குடத்தோடு வரிசையில் நின்று.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. எல்லாம் வேதக்கார வீடுகள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். முக்குக் கடை மட்டும் சாத்தான்குளத்திலிருந்து வந்த அண்ணாச்சியுடையது. கடையில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் மாத நாவல்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்த மாசம் தொங்கிய புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண், தலை நிறையப் பூவும் வாயோரம் ரத்தமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் ஒருத்தி வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள். அதை வாங்கியது எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சேசு படத்துக்குக் கீழே படமாக இருக்கிறாள்.

கதை இதுதான். பெரிய வியாபாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தியைப் புருஷனே கடித்துவிடுகிறான். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் ரத்தம் குடித்தால்தான் உயிர். அவளிடம் கடிபட்டவர்கள் ஊருக்குள் வந்து அவளுக்குப் பரிந்து பேசுவார்கள். உப்பால் கோடு கிழித்துவிட்டால் மட்டும் அவளால் தாண்ட முடியாது. கடைசியில் ஊரே திரண்டு கம்பும் கடப்பாரையுமாக அவளைக் கொல்லப் போகும்போது, அவள் கப்பல் ஏறிப் போய்விடுகிறாள். முற்றும் என்று போட்டுவிட்டான் எழுதினவன்.

அந்த முற்றும்தான் தெருவை இரண்டாக உடைத்தது. தண்ணீர் லாரி வருவதற்குள் குடங்களை வரிசை வைத்துவிட்டுப் பெண்கள் இதையே பேசினார்கள். பாதிப் பேருக்கு அவள் தப்பிப் போனதில் சந்தோஷம். மீதிப் பேருக்கு ஏமாந்துபோன ஆத்திரம். அடுத்த மாசப் புத்தகத்தில் வாசகர் கடிதம் பக்கம் பக்கமாக வந்திருந்தது. அதிலும் இதே சண்டைதான்; மதுரைக்காரி ஒருத்தி வாழ்த்துகிறாள், சேலத்துக்காரர் ஒருத்தர் சபிக்கிறார். அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, “எனக்கு என்னத்தா தெரியும்? ரெண்டு கட்டு கூடப் போட்டேன், அம்புட்டும் வித்துட்டு. பேய் நல்ல பேய்தான்” என்றார்.

கொல்லணும் கட்சிக்குத் தலைவி எங்கள் எதிர்வீட்டு உபதேசியாரம்மா. கோயிலில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியாரின் மனைவி. எனக்கு அந்த வருஷம் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற புதுநன்மை என்பதால் அவர்களிடம்தான் ஞானோபதேசம் படித்தேன். ரத்தம் குடிக்கிறது சாத்தான் வேலை, அந்தப் புத்தகத்தைக் கொளுத்தணும் என்று வகுப்பிலேயே சொன்னார்கள். பூசையில் பங்குச்சாமி கிண்ணத்தில் குடிப்பதும் சேசுவின் ரத்தம் என்றுதானே போன வாரம் சொன்னீர்கள் என்று எழுந்து கேட்டேன். தொடையில் கிள்ளினார்கள். அதிலிருந்து பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உறுதியானது.

மறைத்தார்கள்தான். அத்தையை நான் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் முகம் நாளாக நாளாகச் சுண்ணாம்புபோல் வெளுக்கும். மிஷினை மிதிக்கவே மூச்சு வாங்கும். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். வெயிலில் நின்றால் கிறுகிறுவென்று வருகிறது என்று சுவரைப் பிடிப்பாள். மாசம் ஒருமுறை, தையல் சாமான் வாங்க என்று அப்பாவோடு பாளையங்கோட்டைக்குப் போவாள். திரும்பி வரும்போது உதடு சிவந்திருக்கும், நடையில் தெம்பு இருக்கும். தையல் சாமான் மட்டும் இருக்காது. நம் ஊரில் கிடைக்காத நூல்கண்டு பாளையங்கோட்டையில் என்ன கிடைக்கிறது?

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருந்தது. அவளோடு யார் துணைக்குப் போனாலும் முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரியோடு வந்தார்கள். சரக்குத் தோணியில் மாலத்தீவுவரை போய்வருகிற மாமா, ஒற்றை ஆளாய் மூட்டை தூக்குகிறவர், அத்தையோடு போய்வந்த அன்றைக்குப் பாயில் சாய்ந்து கிடந்தார். அம்மா அவருக்கு ஈரல் வறுத்துக் கொடுத்தாள்.

“மாமா, கையில என்ன?”

“கொசு கடிச்சிட்டுளா.”

“கொசுக்கடிக்கு யாரு பிளாஸ்திரி போடுவா?”

“பாளையங்கோட்டைக் கொசு பெருசு.”

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் கையிலும் அதற்கு முந்தின மாசம் அதே இடத்தில் நீலம் பூத்திருந்ததை நான் பார்த்திருந்தேன்.

அதனால்தான் சோதனை. உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஊரைச் சுற்றி மலைமலையாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள். இத்தனை உப்புக்கு நடுவில் ஒரு காட்டேரி எப்படிக் குடியிருக்க முடியும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அதுவரை அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். ஒரு சாயங்காலம், அடுக்களை வாசலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கல்லுப்பைக் கோடாகப் போட்டுவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தாண்டிவிடு அத்தை, தாண்டிவிடு என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

அத்தை வந்தாள். காலைத் தூக்கினாள். கீழே பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஏளா, யாரு இங்கன உப்பக் கொட்டுனது? மிதிச்சா ஆவாதுன்னு தெரியாதா?”

தாண்டவில்லை. வெளியே நின்றபடியே குனிந்து, ஒரு கல் விடாமல் விளக்குமாற்றால் கூட்டி அள்ளி, தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். உப்பைக் காலால் மிதிக்கிற பெண் எங்கள் ஊரில் கிடையாது. அம்மா வந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் குடவரிசையில் சண்டை முற்றியது. உபதேசியாரம்மா வாசகர் கடிதப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சேலத்துக்காரர் சரியாச் சொல்லியிருக்காரு பாருங்களா. ஊரான் ரத்தத்தக் குடிச்சு வாழுதவ சொகுசா கப்பல்ல போறாளாம். நட்டநடு நெஞ்சுல இறக்கியிருக்க வேண்டாமா?” என்றார்கள்.

“அவளா கேட்டு வாங்குனா அத?” என்றாள் அத்தை.

“எப்பிடி வந்தா என்ன? அடுத்தவன் ரத்தம்ளா அது.”

“அப்பம் அடுத்தவங்க ரத்தத்துல உயிர் வாழுதவ எல்லாம் சாவணும். அப்பிடித்தான மதினி?”

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். “கதைக்குப் போயி இவ ஏன் இப்பிடிக் கொதிக்கா? காட்டேரி இவளுக்கு நாத்தனாரோ?”

லாரி முக்குத் திரும்புகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் வரிசையை விடமாட்டாள். அத்தை காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். உபதேசியாரம்மா கையிலிருந்த பக்கத்தை மடித்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மத்தியானம் அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். ஜன்னலுக்குக் கீழே நின்ற எனக்கு அம்மா சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. “வெளிய தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரமாட்டாவ மதினி.” அப்புறம் உபதேசியாரம்மா அழுகிற சத்தம். அவர்கள் அழுது நான் கேட்டதே இல்லை. அம்மா என்ன சொல்லி மிரட்டியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்த மாசம் பாளையங்கோட்டை பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். சிவந்த உதட்டோடு அத்தை இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல, உபதேசியாரம்மா இறங்கினார்கள். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி.

அவர்களையும் கடித்தாகிவிட்டது. கதையில் வந்தது அப்படியே நடந்தது. மறுநாள் குடவரிசையில் யாரோ கப்பல் ஏறினவள் பேச்சை எடுத்ததும், “கதைன்னா எப்பிடியும் எழுதுவான். போனவ எங்கயோ நல்லாயிருக்கட்டும். வேற சோலியப் பாருங்களா” என்று உபதேசியாரம்மாவே அடக்கிவிட்டார்கள். கொல்லணும் கட்சி அன்றோடு கலைந்தது. அத்தையின் குடத்தில் அவர்களே தண்ணீர் பிடித்து, எங்கள் வாசல்வரை தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அத்தைக்கு ரத்தம் ஊறாத நோய். மாசா மாசம் ஏற்றினால்தான் உயிர். அவளுக்கு ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக வீட்டு ஆட்கள் கொடுக்கணும் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை கொடுத்தவர் உடனே திரும்பக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு மாசமும் வேறு கை தேடவேண்டியிருந்தது. அப்பா, அம்மா, மாமா என்று வீட்டுக்குள் சுற்றிய தேடல், வேறு வழியில்லாமல்தான் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனது. இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகு.

எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான்: வீட்டில் மிச்சம் இருப்பது நான். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மேலே ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டேன். சித்திரை வெயிலில் துண்டு எதற்கு என்று அப்பா கேட்டதற்குத் தொண்டை வலி என்றேன். இருந்தாலும் எத்தனை நாள் பயந்துகொண்டிருப்பது? பயப்படுகிறவளுக்கு ஒரு கட்டத்தில், வருவது வந்து தொலையட்டும் என்று ஆகிவிடும்.

அடுத்த மாசம் அத்தை மறுபடி வெளுத்துப்போனாள். ஒரு மத்தியானம் மிஷினை மூடிவிட்டுக் கட்டிலில் கிடந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பயத்துக்குள்ளேயே எனக்கு அவள்மேல் பாவமும் வந்தது. பக்கத்தில் போய் நின்று, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன்.

“அத்த, கழுத்துல வேண்டாம். வலிக்கும். கையில எடுத்துக்க.”

அவள் என் கையைப் பார்த்தாள். என் கழுத்துத் துண்டைப் பார்த்தாள். “யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன்.”

சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பிறகு என் முழங்கை மடிப்பை விரலால் மெல்லத் தடவினாள். விரல் அவ்வளவு குளிர்ச்சி.

“சின்னப்பிள்ளைகிட்ட எடுக்கமாட்டாவளா. பதினெட்டு வயசு ஆவணும்.”

“ஆனதும் எடுத்துக்கிடுவியா?”

“எடுத்துக்கிடுதேன். வேற யாரும் வேண்டாம். ஒங்கிட்டதான் எடுத்துக்கிடுவேன், போ.”

அவளே ஒத்துக்கொண்டாள். வாசல்படியில் வந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். எட்டிலிருந்து பதினெட்டு. இரண்டு கை விரலும் சரியாக இருந்தது. அவ்வளவு காலம் எனக்கு ஒன்றும் வராது என்றதும் அப்படி ஒரு நிம்மதி. கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு விளையாடப் போனேன். போகிறபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் விரல்கள் போர்வைமேல் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. செபமாலை சொல்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கையில் மாலை இல்லை.