படத்துக்கு உரியவர் சின்னசாமி

எம்.ஆர்.ஐ. காந்தம் இருக்கும் அறைக்குள் போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்று காலை உள்ளே பயந்து அழுத நோயாளி ஒருவரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து போனை எடுத்தால், ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். அது சின்னசாமி வீட்டு எண். மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் அவர் இருந்த குக்கிராமத்தில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஏழு முறை அழைத்தவர் அவ்வளவு நேரமும் மேட்டிலேயே நின்றிருக்க வேண்டும். அது தோன்றியதுமே விஷயம் புரிந்துவிட்டது.

திரும்ப அழைத்தேன். சின்னசாமியின் மனைவி பொன்னி பேசினார்.

"டாக்டரம்மா, அவரு போய்ட்டாருங்க. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு சொல்லியிருந்தாரு. அதான் வுடாம அடிச்சேன்."

சின்னசாமியை அறிந்த அறுவை மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், நர்சுகள், மலைமேல் இருக்கும் அவருடைய உறவுக்காரர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இரங்கல் குறிப்புகளில் வழக்கமாக வரும் 'அமைதியாகக் காலமானார்' என்ற சொற்களை இதில் தேடாதீர்கள். அவர் அமைதியாகக் காலமாகவில்லை. அமைதியாக வாழவும் இல்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், புளி உலுக்கும் பருவத்தில், மரத்திலிருந்து விழுந்து எங்களிடம் வந்தார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. ஊர்க்காரர்கள் அவரைக் கம்பளியில் சுருட்டித் தூக்கி, ஜீப்பின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைத்துக் கீழே இறக்கியிருந்தார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளைக் கடந்து மூன்றாம் நாள்தான் எங்களிடம் சேர்ந்தார். ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நான். அவருடைய முதுகெலும்பில் ஓர் எலும்பு நொறுங்கிப் பின்னால் தள்ளியிருந்தது. தண்டுவடத்துக்கு உள்ளேயே இரத்தம் கசிந்திருந்தது. எங்கள் படத்தில் அது வெளுத்த வீக்கத்தின் நடுவே கறுப்புத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு இருப்பவர்களுக்குக் கால்கள் திரும்ப வருவது அரிது. அதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

எலும்பை நிலைநிறுத்தக் கம்பி வைத்துத் தைத்தார்கள். வாரங்கள் போயின. ஒரு நாள் மதியம் யாரோ அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிறுத்தினார்கள்.

"படம் புடிச்சது நீங்கதானங்க?"

"ஆமாம்."

"அதுல இன்னா இருக்குது?"

"உங்க டாக்டரைக் கேளுங்க. அவர் சொல்லுவார்."

"கேட்டேங்க. பாக்கலாம், பாக்கலாம்னாரு. நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்களே."

உள்ளே அழைத்துப் படத்தைத் திரையில் போட்டேன். எலும்பு எது, தண்டுவடம் எது, அந்தக் கறுப்புத் திட்டு எது என்று காட்டினேன். நடப்பதற்கு வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றேன். ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் முறை. அழுவார் என்று பயந்தேன். அவர் சத்தம் உயராமல், கோபமாகப் பேசினார்.

"என் பொஞ்சாதி ரெண்டு மாசமா கோயில் கோயிலா நடக்கறா. அவ கால்ல கொப்புளம். இத மின்னாடியே சொல்லியிருந்தா, இந்த வண்டி நுழையற மாரி வூட்டு வாசப்படிய இடிச்சிருப்பா இல்ல? நாங்க இன்னா பண்ணணுமோ அத பண்ணியிருப்போமே."

படம் எதற்கு எடுக்கிறோம் என்பதை எனக்கு அதுவரை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான். முடிவெடுப்பவர்களில் முதல் ஆள் அந்த வாசற்படிக்காரர். அவரைத் தவிர எல்லோருக்கும் நாங்கள் ரிப்போர்ட் அனுப்பியிருந்தோம்.

அந்தச் சமயத்தில் மரத்திலிருந்து விழுந்தவர்களின் தண்டுவடப் படங்களை நாங்கள் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தோம். முதல் படத்தில் காணும் எந்த அடையாளம், பின்னால் யாருக்குக் கால் அசையும் என்று காட்டுகிறது? யாருக்கு உடனே அறுவை வேண்டும், யாருக்கு அது வீண் வேதனை? இதுதான் கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப வந்து படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். சின்னசாமி ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். திங்கட்கிழமைதோறும் படங்களை வைத்து மருத்துவர்கள் பேசும் கூட்டத்தில், தான் வந்திருக்கும் நாட்களில் தன்னையும் உட்காரவிட வேண்டும்.

தலைமை அறுவை மருத்துவர் ஒப்பவில்லை. நோயாளிகள் உட்காரும் கூட்டம் இல்லை இது என்றார். கதவருகே இருந்த சின்னசாமி கேட்டார்: "சார், என் முதுகு உள்ள இருக்குது. நான் வெளிய இருக்கணுமா?"

தலைமை மருத்துவரே எழுந்து, முன்வரிசையில் ஒரு நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். மற்ற நோயாளிகளின் படங்கள் வரும்போது அவர்களிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் அன்று முடிவாயிற்று. அதைக் கேட்கச் சொன்னவரும் சின்னசாமிதான்.

இரண்டாம் வருடம் மல்லிகா வந்தார். மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தவரின் முதுகில் கிளை முறிந்து விழுந்திருந்தது. நாலாம் நாள்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். கால்களில் அசைவு இல்லை. தொட்டால் ஏதோ படுவதுபோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நாள் கடந்துவிட்டது, இனி அறுவை செய்து பயனில்லை என்ற பேச்சுத்தான் கூட்டத்தில் ஓடியது. மல்லிகாவும் புருஷனிடம் வீட்டுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டார். எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறது, வீக்கம் இருக்கிறது, உள்ளே இரத்தக் கசிவு இல்லை என்று நான் எழுதியிருந்தேன். எழுதியதோடு சரி. பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

சின்னசாமி கையைத் தூக்கினார்.

"சார், என் படத்துல நடுவுல கறுப்பா ஒண்ணு இருந்துச்சுங்க. இவங்களுக்கு அது இல்லியே?"

"நீ டாக்டரா?" என்றார் ஓர் இளம் மருத்துவர்.

"இல்லீங்க. அந்தப் படத்துல இருக்கறவன். அந்தக் கறுப்பு இருந்தா கால் வராதுன்னு எனக்குச் சொன்னீங்க. நான் நம்புனேன். அது இல்லாதவங்களுக்கும் அதயே சொன்னா, அப்பறம் எதுக்குங்க படம் புடிக்கறீங்க?"

நான் எழுந்தேன். நாங்கள் அதுவரை சேர்த்த படங்களில் இரத்தக் கசிவு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகப் படித்தேன். சிலருக்கு ஒன்றும் திரும்பவில்லை. சிலர் எழுந்து நின்றிருந்தார்கள். தாமதமாக வந்தவர்கள் குறித்து எங்களிடம் இருந்தது கொஞ்சந்தான் என்பதையும் சொன்னேன். விவாதம் நீண்டது. கடைசியில் தலைமை மருத்துவர் மல்லிகாவின் கட்டிலருகே போய், படத்தைக் காட்டி, ஆபத்தையும் சொல்லி, அவரையே கேட்டார். மல்லிகா செய்யுங்கள் என்றார். மறுநாள் அறுவை நடந்தது.

அந்த வருடம் முடியுமுன் மல்லிகா கோலூன்றி நடந்தார். இடது பாதம் இழுத்தது, ஆனாலும் நடந்தார். நான் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தேன். சின்னசாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்: "ஆப்பரேசன் பண்ணாம வுட்டிருந்தா நடந்திருக்க மாட்டாங்களா?"

"தெரியாது, சின்னசாமி."

"அப்ப அதயும் எழுதுங்க."

எழுதினேன். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் எனக்குப் பெருமை தரும் ஒரே வாக்கியம் அதுதான்.

பொய் நம்பிக்கை விற்பவர்களிடம் அவருக்கு இரக்கமே கிடையாது. அடிவாரத்து ஊர் ஒன்றில், ஊசி போட்டால் கால் திரும்பும் என்று ஒரு கும்பல் முகாம் போட்டது. மலையிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். சின்னசாமியும் போனார். மேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஊசிக்கு மின்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் வச்சிருப்பீங்களே, அத காட்டுங்க" என்றாராம். இல்லை என்றார்கள். "அப்ப நான் வச்சிருக்கறத காட்டட்டுமா?" என்று தன் படங்களை மடியிலிருந்து எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அவர் அணையவில்லை. மாலைக்குள் முகாம் காலியானதாகப் பொன்னி சொல்லிக் கேட்டேன்.

மலையிலிருந்து வருபவர்களின் காயம் ஏன் மோசமாக இருக்கிறது என்ற கேள்வி கூட்டத்தில் ஒரு முறை வந்தது. மலை மரங்கள் உயரமானவை என்றார் ஒருவர். "மரம் எல்லா ஊர்லயும் ஒசரந்தாங்க" என்றார் சின்னசாமி. "எங்கள மடிச்சுத் தூக்கிக்கினு வர்றாங்க. அத யாராவது கேட்டு எழுதுனீங்களா?" யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும், எப்படித் தூக்கி வந்தார்கள், எதில் கிடத்தினார்கள் என்று கேட்டு ஆய்வுப் பதிவேட்டில் தனிப் பத்தியாக எழுதத் தொடங்கினோம். உடைந்த முதுகெலும்பை மடக்கினால் தண்டுவடம் இன்னும் நசுங்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜீப்பை நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அவரோ அந்தப் பத்தி நிறையும்வரை காத்திருக்கவில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்டையும் என்னையும் கூட்டிக்கொண்டு குக்கிராமம் குக்கிராமமாகப் போனார். சாமை காயவைத்திருக்கும் களத்தில் ஆட்களைக் கூட்டி, வண்டியிலிருந்து இறங்கி வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். "வாங்க. கழுத்த ஒருத்தர், இடுப்ப ரெண்டு பேரு, கால ஒருத்தர். ஒண்ணா உருட்டணும், ஒண்ணா தூக்கணும். பலகையில வச்சுக் கட்டணும். பயப்படாம தூக்குங்க, இதுக்கு மேல எனக்கு இன்னா ஆயிடும்?" ஆட்கள் முதலில் கூசினார்கள். பிறகு தூக்கினார்கள். தப்பாகத் தூக்கினால் கத்துவார். ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை தூக்கவும் இறக்கவும் ஆகி, முதுகுத் தோல் சிவந்திருக்கும். உணர்ச்சி இல்லாத தோல், புண்ணாகிவிடும் என்று நான் திட்டுவேன். "திட்டுங்க, ஆனா எழுதிக்குங்க" என்பார்.

கடைசியில் ஒரு புண்தான் அவரைக் கொண்டுபோனது. களத்தில் பட்ட புண் இல்லை. போன மழையில் நாற்காலி மெத்தை நனைந்து, இடுப்படியில் ஏற்பட்ட சிறிய புண். காய்ச்சல் வந்தது. ஒரு நர்சு வந்து சுத்தம் செய்து மருந்து கொடுத்திருந்தாலே போதும், அந்தக் கட்டத்தில். மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், ஜீப்காரர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் எந்த வண்டியும் மலையேறவில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் போய்விட்டார். நாற்பத்தாறு வயது.

நான் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. பலகையில் வைத்து, கழுத்துக்கு ஒருவர், இடுப்புக்கு இருவர், காலுக்கு ஒருவர் என்றுதான் எடுத்துப் போனார்களாம். துக்கத்துக்கு வந்த ஒருவர், "அவ்ளோதான் எழுதியிருக்குது, இன்னா பண்றது" என்றார். பொன்னி தலையை நிமிர்த்தினார்.

"எழுதலங்க. வண்டி வரல."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் விதி என்ற பேச்சை எடுக்கவில்லை.

சின்னசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை என்ன? படம் எடுத்த அன்றே, கட்டிலருகே போய், அதில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன், குரல் இறங்காமல். கூட்டத்தில் தாளில் கோடு கிழிப்பதில்லை. கோபம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ளும் எண்ணம் இல்லை.

போன வாரம் ஆய்வுப் பதிவேட்டில் அவருடைய பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. இறப்புக்கான காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. தொற்று, சிறுநீரகம், இதயம், மற்றவை. உரியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் தொற்று என்று குறித்தேன். அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்து, 'வண்டி வரவில்லை' என்று தமிழில் எழுதினேன். இது மருத்துவக் காரணம் ஆகாது, நீக்கிவிடுங்கள் என்று ஆய்வுக் குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

நீக்க மாட்டேன்.