ஆறு கம்பெனிகளின் சம்பளமும் நானும்

அடுத்தவருடைய சம்பளத்தைக் கேட்பது நாகரிகமில்லை என்று வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள்; எனக்குக் கிடைத்த வேலையே அதுதான். பக்கத்து மேஜைக்காரரின் சம்பளச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்ட அன்பர்களே, நானும் உங்கள் ஜாதிதான். என்ன, நான் நேராகவே பார்ப்பேன்.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி மிஸ்டர் தியோ. நான் ஒரே ஒரு குமாஸ்தா. தொழிற்சாலைகளுக்கு நிர்வாக ஆலோசனை சொல்லும் பெரிய கன்சல்டன்சி கம்பெனிகள் ஆறு. அவை தங்கள் ஆட்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கின்றன என்று கேட்டு வாங்கி, பெயரை மறைத்து எண் போட்டு, வருஷம் ஒரு பட்டியல் தயாரிப்போம். அதை அந்த ஆறு பேரே எங்களிடம் காசு கொடுத்து வாங்குவார்கள். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் நாங்கள்தான்.

முதல் டெலிபோன்

நான் முதன்முதலில் கூப்பிட்டது ஒரு கம்பெனியின் பெர்சனெல் மேனேஜரை. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், சத்தமாகப் பேசவே தெரியாத மனிதர். சம்பளம் என்றதும் பேச்சை மாற்றினார். யார் மகள், எந்த ஸ்கூல் என்று என்னை விசாரித்துத் திருப்தியான பிறகு, ஜூனியர் முதல் பார்ட்னர் வரை காகிதம் புரளும் சத்தமே இல்லாமல் மடமடவென்று சொன்னார். அப்படி ஒரு ஞாபகசக்தியை நான் பார்த்ததில்லை. பாக்கி அவருடைய சம்பளம் மட்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“தங்கச்சி, அது என் வைஃபுக்கே தெரியாது லா. அவங்ககிட்டச் சொன்ன பிறகு உங்களுக்கு போன் பண்றேன்.”

நாலாம் நம்பர்

பட்டியலில் நாலாம் எண் கம்பெனி ஒரு வருஷம் திடீரென்று முதலிடத்துக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து அதன் மேனேஜர் குணா வியர்க்க விறுவிறுக்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பட்டியலின் கடைசியில் நிற்க வெட்கப்பட்டு, கொடுக்காத சம்பளத்தைக் கொடுப்பதாக எழுதி அனுப்பிவிட்டாராம். நாலாம் எண் யார் என்று தெரிந்த அவருடைய டைப்பிஸ்ட் கண்ணில் பட்டியல் பட்டது. அன்று மத்தியானத்துக்குள் அந்தச் சம்பளத்தைக் கேட்டு ஆபீஸே அவர் அறை வாசலில் நின்றுவிட்டது.

எழுதிய தொகையை மாற்றச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ரப்பரைக்கூட எடுத்துவிட்டேன். மனிதர் கையால் தடுத்தார்.

“மாத்தாதீங்க, மேடம். எழுதினது பொய்தான். இப்ப அதை உண்மையாக்க மாசா மாசம் நான்தான் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

செல்வத்தின் அக்கா

பைராம் எஸ்டேட் தோட்டத்திலிருந்து படித்து வந்த இன்ஜினியர் செல்வம், இரண்டு கம்பெனிகள் கொடுத்த வேலைக் கடிதங்களோடு வந்தான். கூட அவன் அக்கா. சிம்பாங் அம்பாட் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு நேராக பஸ் பிடித்து வந்திருந்தாள். தம்பியின் படிப்பு முழுக்க அவளுடைய ஓவர்டைம் காசில்தான் நடந்தது.

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். முதல் கம்பெனியில் மாசம் எழுநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், அதிகம். செல்வத்தின் முகம் மலர்ந்தது. அக்கா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணி நேர வேலைன்னு போடலையே?” என்றாள். மூன்று வருஷமாகப் பட்டியல் போட்ட எனக்கு அது தோன்றவில்லை. அங்கேயே இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டேன். முதல் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, ஓ.டி. கிடையாது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு இரண்டாவது கம்பெனிதான் மேல். செல்வம் அதில்தான் சேர்ந்தான். அந்த வருஷத்திலிருந்து எங்கள் பட்டியலில் வேலை நேரத்துக்கும் ஒரு பத்தி வந்தது. அன்று நான் போனை வைத்ததும் அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது:

“ஓ.டி. இல்லாம ஞாயித்துக்கிழமை வேலையா? எங்ககிட்டச் சொன்னா மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவோம் லா!”

இரண்டு வரிசை

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எனக்கு இரண்டு மாடி கீழே இருந்தவள் கமலா. ஆறு கம்பெனிகளில் ஒன்றில் கன்சல்டன்ட். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். “என் கிரேடுல மத்தவங்களுக்கு எங்க கம்பெனியில என்ன குடுக்கிறாங்க? அது மட்டும் சொல்லுங்க, அக்கா.” அவளோடு ஒரே நாளில் சேர்ந்து அதே வேலை பார்க்கும் ஆணுக்கு நானூறு வெள்ளி அதிகம் என்பது என் மேஜை டிராயரில் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று கம்பெனிகளுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. “முடியாது, கமலா” என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் மிஸ்டர் தியோவிடம் போனேன். யார் பெயரும் வேண்டாம். ஒவ்வொரு கிரேடிலும் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை போடலாமா என்று கேட்டேன். சில கம்பெனிகள் விலகிவிடும் என்றார். ஒரே வேலைக்குப் பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்றேன். “நீ சொல்றது உண்மையா?” என்று கேட்டார். கம்பெனிகள் அனுப்பிய ஆறு ஃபாரத்தையும் அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, “அப்படின்னா போடு” என்றார். போட்டோம். இரண்டு கம்பெனிகள் அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டன. அந்த வருஷம் அவர் தன் பழைய காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வந்தார். என் சம்பளத்தில் கை வைக்கவில்லை.

கமலாவின் கம்பெனி விலகவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள். நான் ஒன்றும் தெரியாதவள்போல டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நான் கேக்கவே இல்ல, அவங்களே கூப்பிட்டு நானூறு வெள்ளி ஏத்திக் குடுத்தாங்க! நான் நல்லா வேலை செய்யறேன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாம்!”

அடுத்தவர் சம்பளத்தைப் பார்த்தால் வயிறு எரியும் என்பார்கள்; பதினோரு வருஷம் பார்த்ததில் எனக்கு வந்தது பெரும்பாலும் மரியாதைதான், பார்ட்னர்களின் போனஸைப் பார்த்த நாட்கள் நீங்கலாக.